மண்புழு உர டீ: வாளிக்குள் நடப்பது என்ன?

நன்றாக முதிர்ந்த மண்புழு உரத்தைக் கையில் அள்ளினால், டீக்கடை வாசலில் கொட்டிவைத்திருக்கும் தூள் சக்கைக்கும் அதற்கும் பெரிய வித்தியாசம் தெரியாது. அதே கறுப்பு, அதே பொலபொலப்பு, அதே லேசான ஈரம். பழைய துணியில் முடிந்து தண்ணீரில் தொங்கவிட்டால் இறங்குகிற நிறமும் பால் ஊற்றாத டீயின் நிறம்தான். பெயர் வைத்தவரைக் குறை சொல்ல முடியாது. மாடித் தோட்டக்காரர்கள் ‘வெர்மி டீ’ என்கிறார்கள், ‘கம்போஸ்ட் டீ’ என்கிறார்கள். ஒரு வாளி, ஒரு மீன்தொட்டி மோட்டார், கொஞ்சம் வெல்லம், ஒரு ராத்திரி. காலையில் நுரைத்து நிற்கும் தண்ணீரை ஊற்றினால் ரோஜா கொத்துக் கொத்தாகப் பூக்கும், மாவுப்பூச்சி ஓடிவிடும் என்று கேள்விப்பட்டுத்தான் நானும் ஆரம்பித்தேன். சில வருடங்கள் செய்து பார்த்ததில் எனக்குப் பட்டது இது: சொல்லப்படுவதில் பாதி உண்மை. மீதிப் பாதி, குளிர்நாட்டுச் செய்முறையைச் சென்னை வெயிலுக்குள் அப்படியே தூக்கிவந்ததால் வந்த குழப்பம்.

முதல் குழப்பம் பெயரிலேயே தொடங்குகிறது. மூன்று வேறு வேறு திரவங்களை ஒரே பெயரில் சொல்லிக்கொண்டிருக்கிறோம். உரத்தொட்டியில் ஈரம் அதிகமானால் அடியில் தானாக ஒரு பழுப்புத் தண்ணீர் வடியும். அது வெறும் கசிவு. பாதி மட்கிய காய்கறிக் கழிவின் சாறும் அதில் கலந்திருக்கும். உப்பும் இருக்கலாம், அழுகலும் இருக்கலாம். அதை ‘டீ’ என்று பாட்டிலில் பிடித்துவைப்பவர்கள் உண்டு. நான் அதைத் தென்னை மரத்தடியில் ஊற்றுவதோடு சரி.

இரண்டாவது வெர்மிவாஷ். சென்னை நியூ காலேஜில் பணியாற்றிய மண் உயிரியலாளர் சுல்தான் அகமது இஸ்மாயில் வழியாகத் தமிழ்நாட்டில் பலருக்கும் அறிமுகமானது. அடியில் குழாய் வைத்த ஒரு டிரம். கீழே உடைத்த செங்கல்லும் ஜல்லியும், அதன்மேல் மணல், அதன்மேல் தோட்டத்து மண். மண்ணில் நம் ஊர்ப் புழுக்கள், மேலே சாணமும் வைக்கோலும். டிரம்முக்கு மேல் ஒரு பானை தொங்கும். பானையின் அடியில் ஓட்டை, ஓட்டையில் துணித் திரி. ராத்திரி பானையை நிரப்பிவிட்டால் விடியவிடியச் சொட்டுச் சொட்டாகத் தண்ணீர் இறங்கும்; புழு போன வழியையெல்லாம் நனைத்து, அதன் வழவழப்பையும் எச்சத்தையும் கழுவிக்கொண்டு மணல் வழியாக வடிகட்டியே வரும். காலையில் குழாயைத் திறந்தால் வைக்கோல் நிறத்தில் தெளிவான நீர். மோட்டார் இல்லை, வெல்லம் இல்லை, நாற்றமும் இல்லை. பத்து மடங்கு தண்ணீர் கலந்து தெளிக்கலாம். பொறுமையும் டிரம் வைக்க இடமும் உள்ளவர்களுக்கு இதைவிட நல்ல வழி எனக்குத் தெரியவில்லை.

மூன்றாவதுதான் இந்தக் கட்டுரையின் விஷயம். முடிந்துபோன மண்புழு உரத்தைத் தண்ணீரில் ஊறவைத்து, காற்றை ஊதி, அதிலுள்ள நுண்ணுயிர்களைப் பெருக்கி எடுக்கும் திரவம். அமெரிக்காவில் எலைன் இங்கம் என்ற மண் நுண்ணுயிரியலாளர் காற்றூட்டும் இந்த முறையைப் பரவலாக்கினார். அதே நாட்டில், வாஷிங்டன் மாநிலப் பல்கலைக்கழகத்தின் தோட்டக்கலை நிபுணர் லிண்டா சாக்கர்-ஸ்காட், ‘இதற்கெல்லாம் சான்று எங்கே?’ என்று தொடர்ந்து கேட்டுவருகிறார். இரண்டு பக்கத்திலும் நியாயம் இருக்கிறது.

சத்துக் கணக்கை முதலில் போட்டுவிடலாம். 10 லிட்டர் டீக்கு அரைக் கிலோ உரத்தை எடுத்துக்கொள்வோம். அதில் 40 சதவீதம் ஈரம் என்று வைத்தால் காய்ந்த எடை 300 கிராம். தழைச்சத்து, அதாவது நைட்ரஜன், 1.5 சதவீதம் என்றால் மொத்தம் 4.5 கிராம். அதிலும் பெரும்பகுதி உரத்தின் கரிமப் பொருளோடு பிணைந்து கிடக்கும். தண்ணீரில் உடனே கரைந்து வருவது அதில் ஒரு சிறு பங்குதான். ஒரு டீஸ்பூன் யூரியா, அதாவது 5 கிராம் எடுத்தால், அதில் 2.3 கிராம் தழைச்சத்து இருக்கிறது. ஆக, 10 லிட்டர் வெர்மி டீயை இருபது தொட்டிக்குப் பங்கு போட்டால் ஒரு தொட்டிக்குக் கிடைப்பது கண்ணுக்குத் தெரியாத அளவு. இலை மஞ்சளித்துப் பசியில் நிற்கும் கத்திரிச் செடிக்கு இந்த டீயை ஊற்றி, பச்சை திரும்பவில்லையே என்று வருத்தப்படுவதில் அர்த்தமில்லை. அதற்குச் சாப்பாடு வேண்டும்.

அப்புறம் எதற்கு இந்த மெனக்கெடல்?

மண்புழுவின் வயிற்றில் நடப்பதைப் பார்த்தால் கொஞ்சம் புரியும். வாய்வழி போகும் மட்கும் மண்ணும் அரைவைப்பையில் அரைபட்டு, குடலின் ஈரத்திலும் வழவழப்பிலும் நுண்ணுயிர்களோடு பிசையப்பட்டு, சிறு உருண்டைகளாக வெளியே வருகின்றன. சார்லஸ் டார்வின் தன் கடைசிப் புத்தகத்தை, 1881இல், புழுக்களைப் பற்றித்தான் எழுதினார். இங்கிலாந்தின் பல பகுதிகளில் ஓர் ஏக்கர் நிலத்தில் வருடத்துக்கு 10 டன்னுக்கும் மேலான மண் புழுக்களின் உடல் வழியே போய்வருகிறது என்பது அதில் அவர் போட்ட கணக்கு. அவர் பார்த்தது மண் இடம் மாறுவதை. அது வேறொன்றாக மாறுவதையும் பின்னால் வந்தவர்கள் பார்த்தார்கள். ஓஹாயோ மாநிலப் பல்கலைக்கழகத்தில் கிளைவ் எட்வர்ட்ஸும் நார்மன் அராங்கனும் அவர்கள் குழுவினரும் செய்த சோதனைகளில், சத்தின் அளவைச் சமமாக்கிய பிறகும் மண்புழு உரம் சேர்த்த செடிகள் கூடுதலாக வளர்ந்தன. சத்தைத் தாண்டி அதில் ஏதோ இருக்கிறது. மட்கிய பொருளில் இருக்கும் ஹியூமிக் அமிலங்களும், அவற்றோடு ஒட்டிக்கொண்டிருக்கும் ஆக்சின், ஜிப்பெரெலின் போன்ற வளர்ச்சி ஊக்கிகளும் என்பது அவர்கள் காட்டிய காரணம். இவற்றில் ஒரு பகுதி தண்ணீரில் இறங்கும். துளி அளவே போதும், வேர் பதில் சொல்லும்.

அந்தத் துளிக்காகத்தான் டீ. வீட்டுத் தொட்டியில் மாதத்துக்கு இரண்டு மூன்று கிலோ உரம்தான் தேறும் என்றால், அதை நாற்பது தொட்டிக்கும் எட்டவைக்கிற வழி இது. கொஞ்சம் சாம்பாரில் தண்ணீர் விட்டு வந்தவர்களுக்கெல்லாம் பரிமாறுவது மாதிரி என்று என் மாமியார் சொல்வார். அவர் சொல்வதில் கிண்டலும் உண்டு.

சரி, மோட்டார் எதற்கு? தண்ணீருக்குள் போன நுண்ணுயிர்களுக்கு மூச்சு வேண்டும். காற்றோடு வாழும் வகைகள்தான் நமக்கு வேண்டியவை. பிராணவாயு தீர்ந்தால் அவை ஒடுங்கி, காற்றில்லாமல் வாழும் வகைகள் தலையெடுக்கும். அவை கக்குவது அமிலங்களையும் சாராயத்தையும் அழுகிய முட்டை நாற்றத்தையும். வேருக்கு இவை ஆகாது.

இங்கேதான் நம் வெயில் குறுக்கே வருகிறது. தண்ணீர் சூடாகச் சூடாக அதில் கரையும் பிராணவாயு குறையும். 20 டிகிரியில் ஒரு லிட்டரில் 9 மில்லிகிராம் சொச்சம் கரையும். 30 டிகிரியில் ஏழரை. மே மாதம் மொட்டை மாடியில் வாளித் தண்ணீர் 35 டிகிரியைத் தொட்டால் 7க்கும் கீழே. இந்த டீ போடுபவர்கள் 6 மில்லிகிராமுக்குக் குறையக் கூடாது என்பார்கள். ஆக, நம்மிடம் கைவசம் இருக்கும் இடைவெளி ஒரு மில்லிகிராம்கூட இல்லை. இன்னொரு பக்கம், சூட்டில் நுண்ணுயிர்கள் இரட்டிப்பு வேகத்தில் பெருகி இரட்டிப்பு வேகத்தில் மூச்சு வாங்கும். வரவு குறைவு, செலவு அதிகம். குளிரான ஊர்களில் எழுதப்பட்ட குறிப்புகள் 24 மணி நேரம், 36 மணி நேரம் என்று சொல்வதை நாம் கேட்கக் கூடாது. இங்கே 10, 12 மணி நேரம் போதும். சாயங்காலம் வெயில் இறங்கிய பிறகு போட்டு, விடியற்காலையில் எடுத்துவிட வேண்டும். மார்கழியில் கொஞ்சம் கூட்டிக்கொள்ளலாம்.

மோட்டாரைப் பொறுத்தவரை 20 லிட்டர் வாளிக்கு நிமிடத்துக்கு 6, 7 லிட்டர் காற்று தரும் இரட்டைக் குழாய் ஏர் பம்ப் வேண்டும். சின்னப் பம்ப் வெறும் குமிழி காட்டும்; தண்ணீரைப் புரட்டாது. சென்னைக்காரர்களுக்கு இது பிரச்சினையில்லை, கொளத்தூர் பக்கம் போனால் தெருவெல்லாம் வண்ண மீன் கடைகள்தான். குழாய் நுனியில் மாட்டும் காற்றுக்கல்லை வாளியின் அடிமூலையில் வைக்க வேண்டும், அங்கேதான் வண்டல் சேரும்.

ஒருநாள் நள்ளிரவில் கரண்ட் போய்விட்டது. நான் தூங்கிக்கொண்டிருந்தேன். விடியற்காலையில் மின்விசிறி சுற்ற ஆரம்பித்த சத்தத்தில் விழித்தபோதுதான் வாளி நினைவுக்கு வந்தது. மாடிக்குப் போய் மூடியைத் தூக்கினால் சாக்கடை நாற்றம். மோட்டார் அப்பாவியாகக் குமிழி விட்டுக்கொண்டிருந்தது. இன்னும் இரண்டு மணி நேரம் ஓடினால் சரியாகிவிடும் என்று நானே முடிவு செய்து, காத்திருந்து, வெண்டை நாற்றுகளுக்கு ஊற்றினேன். நாலாம் நாள் ஏழு நாற்றுகளில் ஐந்து துவண்டு படுத்தன. டீதான் காரணம் என்று நிரூபிக்க என்னிடம் ஒன்றுமில்லை. ஆனால் அதே விதையில் முளைத்து வேறு தட்டில் இருந்த நாற்றுகளுக்கு ஒன்றும் ஆகவில்லை. அன்றிலிருந்து மூக்குதான் என் ஆய்வகம். சரியான டீயில் முதல் மழை பெய்த மண்ணின் வாசனை வரும். அந்த வாசனைக்குக் காரணம் ஜியோஸ்மின் என்ற பொருள். ஸ்ட்ரெப்டோமைசிஸ் போன்ற மண் நுண்ணுயிர்கள் உண்டாக்குவது. புளித்த வாடையோ முட்டை வாடையோ லேசாக வந்தாலும் செடிக்கு வேண்டாம், மட்கும் குப்பையில் ஊற்றிவிடலாம். நுரையைப் பார்த்து ஏமாற வேண்டாம். புரதம் கலந்த எந்தத் தண்ணீரை ஊதினாலும் நுரைக்கும்.

அடுத்தது வெல்லம். இதில் நம் ஆட்களின் கை கொஞ்சம் தாராளம். ஜீவாமிர்தம் பழகிய கை அது. இயற்கை விவசாயத்தைப் பரப்பிய சுபாஷ் பாலேக்கரின் ஜீவாமிர்தக் கணக்கில் 200 லிட்டர் தண்ணீருக்கு 2 கிலோ வெல்லம், அதாவது லிட்டருக்கு 10 கிராம். ஆனால் அது சாணமும் கோமியமும் பயறு மாவும் சேர்த்துப் புளிக்கவைக்கும் சமாசாரம். அதன் நோக்கமே வேறு. அதே அளவை வெர்மி டீயில் போட்டால் பாக்டீரியா மட்டும் வெறிபிடித்த மாதிரி பெருகி, சின்ன மோட்டார் தரும் காற்றை ஒரே மூச்சில் இழுத்துவிடும். 20 லிட்டருக்கு ஒரு மேசைக்கரண்டி, சுமார் 20 கிராம், அதுவே மேல்வரம்பு. நான் இப்போது அதையும் நிறுத்திவிட்டேன். காரணம் கீரையைப் பற்றிப் பேசும்போது சொல்கிறேன்.

மோட்டாரே வேண்டுமா என்ற கேள்வியும் இருக்கிறது. ஹவாய் பல்கலைக்கழகத்தில் பாக் சோய் கீரையை வைத்து ஒரு சோதனை செய்தார்கள், 2009இல் வெளிவந்தது. காற்றூட்டிய டீ, காற்றோடு நுண்ணுயிர்த் தீனியும் சேர்த்த டீ, சும்மா ஊறவைத்த டீ என்று மூன்றையும் ஊற்றிப் பார்த்தார்கள். மூன்றுமே வெறும் தண்ணீரைவிட நன்றாக வேலை செய்தன. மூன்றுக்கும் இடையில் வளர்ச்சியில் பெரிய வித்தியாசம் இல்லை. ஹவாய் நம்மைப்போல வெப்பமான இடம் என்பதால் எனக்கு இது ஓஹாயோவைவிட நெருக்கமாகப் படுகிறது. பலன் தருவது பெருக்கிய நுண்ணுயிர்ப் படையா, உரத்திலிருந்து கரைந்து வந்த பொருள்களா என்று கேட்டால், நான் இரண்டாவது பக்கம்தான் சாய்வேன்.

அதனால் கரண்டை நம்ப முடியாத நாளில் நான் செய்வது ரொம்ப எளிது. காலையில் 10 லிட்டர் தண்ணீரில் அரைக் கிலோ உரம். கம்பால் இடப்பக்கமும் வலப்பக்கமும் மாற்றி மாற்றி ஐந்து நிமிடம் கலக்குவேன். அரை மணி நேரத்தில் இன்னொரு முறை. ஒரு மணி நேரத்தில் வடிகட்டி ஊற்றி முடித்துவிடுவேன். அழுகுவதற்கு நேரமே கொடுப்பதில்லை.

உரம் எப்படியோ டீயும் அப்படியே. கடையில் மூட்டை மாதக்கணக்கில் வெயிலில் கிடந்து மாவாகக் காய்ந்திருந்தால் அதில் உயிரோட்டம் குறைந்திருக்கும். ஒருமுறை நான் வாங்கிய மூட்டையில் பாதி தென்னை நார்க்கழிவு. பிடித்தால் உருண்டையாகி, விரலால் தட்டினால் உதிர வேண்டும். கையில் மண்வாசனை நிற்க வேண்டும். சாண வாடை அடித்தால் புழு இன்னும் அதைத் தின்று முடிக்கவில்லை என்று அர்த்தம்.

தண்ணீரும் பார்க்க வேண்டிய விஷயம். மெட்ரோ வாட்டரில் நுண்ணுயிரைக் கொல்லத்தான் குளோரின் கலக்கிறார்கள். அதிலேயே நுண்ணுயிரை வளர்க்கப் போனால் எப்படி? அகலமான பாத்திரத்தில் ஒருநாள் திறந்து வைத்தால் குளோரின் பறந்துவிடும். போர் தண்ணீரில் குளோரின் இல்லை, உப்பு இருக்கிறது. கடலோரப் பகுதிகளில் வாளியின் விளிம்பில் வெள்ளை படியும் தண்ணீராக இருந்தால், டீ போட்டாலும் அது உப்பு டீதான். ஆர்.ஓ. கருவி கழித்துவிடும் தண்ணீர் அதைவிட மோசம். மழைநீர் பிடித்து வைத்திருந்தால் அதற்கு ஈடு இல்லை.

வடிகட்டப் பழைய பருத்திப் புடவை நல்லது. வேட்டியின் நெசவு நெருக்கமாக இருப்பதால் தண்ணீர் இறங்க நேரமாகும். வேருக்கு ஊற்றுவதென்றால் அவ்வளவு வடிகட்டக்கூட வேண்டாம். தெளிப்பானில் ஊற்றுவதென்றால் இரண்டு முறை, இல்லையென்றால் தெளிப்பானின் மூக்கு அடைத்துக்கொண்டு நம் பொறுமையைச் சோதிக்கும். வேருக்கு ஒரு பங்குக்கு ஒரு பங்கு தண்ணீர், இலைக்கு ஐந்து பங்கு. மோட்டாரை நிறுத்தியதும் நாலு மணி நேரத்துக்குள் தீர்த்துவிட வேண்டும். மூடி போட்ட பாட்டிலில் அடைத்து மாதக்கணக்கில் விற்கப்படும் ‘உயிருள்ள’ டீயைப் பார்த்தால், உள்ளே யார் உயிரோடு இருக்கிறார்கள் என்று கேட்கத் தோன்றுகிறது. இலையில் தெளிப்பது வெயில் ஏறும் முன்போ இறங்கிய பின்போ. புற ஊதாக் கதிரில் நுண்ணுயிர் சாகும், துளிகளும் சட்டென்று காய்ந்துவிடும். இலையின் அடிப்பக்கமும் நனைய வேண்டும். எல்லாம் முடிந்ததும் குழாயையும் காற்றுக்கல்லையும் பிரஷ் போட்டுத் தேய்த்து வெயிலில் காயவைக்க வேண்டும். உள்ளே படியும் வழவழப்புதான் அடுத்த வாளியின் நாற்றத்துக்கு விதை. நம் வெயில் நமக்கு உதவும் ஒரே இடம் இதுதான்.

பூச்சி விஷயத்தில் ஒரு சுவாரசியம். ஓஹாயோ குழு தக்காளியிலும் வெள்ளரியிலும் அசுவினி, மாவுப்பூச்சி, சிவப்புச் சிலந்தி ஆகியவற்றை வைத்துச் செய்த சோதனையில் மண்புழு உரச் சாறு பூச்சியைக் குறைத்தது உண்மை. ஆனால் அவர்கள் சாற்றைப் பூச்சிமேல் தெளிக்கவில்லை, மண்ணில் ஊற்றினார்கள். அதுவும் பசுமைக் குடிலுக்குள். வேர் வழியாக ஏறியது எதுவோ இலையைப் பூச்சிக்குப் பிடிக்காததாக ஆக்கியிருக்கலாம் என்பது அவர்கள் விளக்கம். நம்மில் பலர் செம்பருத்தியின் மாவுப்பூச்சிமேல் பீய்ச்சி அடித்துவிட்டு, டீயால் போய்விட்டது என்கிறோம். அதே வேகத்தில் பச்சைத் தண்ணீரை அடித்தாலும் பாதி போயிருக்கும். நோய்களைப் பொறுத்தவரை, ஒரு சோதனையில் அடங்கிய பூஞ்சை அடுத்த சோதனையில் அடங்குவதில்லை. உரம் மாறினால் டீ மாறுகிறது, டீ மாறினால் பலனும் மாறுகிறது. நாற்றழுகலுக்கு இதை நம்பி விதைப்பெட்டியைப் பணயம் வைக்க மாட்டேன்.

இப்போது கீரை. மண்புழு உரம் சூடேறி மட்குவதல்ல. குவியல் கம்போஸ்ட்டில் 55 டிகிரிக்கு மேல் போகும் சூடு நோய்க் கிருமிகளைச் சுட்டுவிடும். புழுத் தொட்டியில் அந்தச் சூடு வந்தால் முதலில் சாவது புழு. புழுவின் குடல் வழியே போகும்போது கிருமிகள் பெருமளவு குறையும், ஆனால் உத்தரவாதம் கிடையாது. நம் உரத்தில் பெரும்பாலும் சாணம் இருக்கிறது. மிச்சமிருக்கும் நாலு கிருமிக்கு ராத்திரி முழுக்க வெல்லப் பாகு ஊட்டினால் என்ன ஆகும்? அமெரிக்காவின் தேசிய இயற்கை வேளாண் தர வாரியத்துக்காக ஒரு பணிக்குழு 2004இல் கொடுத்த அறிக்கை இதைத்தான் பிடித்துக்கொண்டது. சர்க்கரைப் பாகு போன்ற தீனி சேர்த்த டீயைச் சோதித்துப் பார்க்காமல் பயன்படுத்தினால், அதைப் பச்சைச் சாணத்தைப்போல நடத்த வேண்டும். அறுவடைக்கும் அதற்கும் 90 நாள், உண்ணும் பகுதி மண்ணைத் தொடும் பயிரென்றால் 120 நாள் இடைவெளி வேண்டும் என்றது. கொத்தமல்லியின் ஆயுளே ஒன்றரை மாதம்தான். புதினாவைப் பறித்து நேராகச் சட்னி அரைக்கிறோம், சமைப்பதுகூட இல்லை. அதனால் எங்கள் வீட்டில் வெல்லம் நின்றது. கொத்தமல்லி, புதினா, வெங்காயத்தாள் பக்கம் தெளிப்பான் போவதே இல்லை. வேரில் மட்டும், அதுவும் பறிப்பதற்கு நன்றாக முன்னாலேயே. பூச்செடிகளுக்கும் கொடிக்காய்களுக்கும் பதினைந்து நாளுக்கு ஒருமுறை.

வடிகட்டிய பிறகு புடவைத் துணியில் மிஞ்சும் சக்கையை என்ன செய்வது என்று பலர் கேட்பார்கள். தழைச்சத்துக் கணக்கில் பார்த்தால் சரக்கில் பெரும்பங்கு அதில்தான் தங்கியிருக்கிறது. ஆரம்பத்திலிருந்தே எங்கள் வீட்டில் அது மாடிப்படிக்குப் பக்கத்திலிருக்கும் கறிவேப்பிலைத் தொட்டிக்குத்தான் போகிறது, துணியை உதற அந்த இடம் வசதி என்ற ஒரே காரணத்துக்காக. டீயை ஒருநாளும் அதற்கு ஊற்றியதில்லை. மாடியிலேயே செழித்து நிற்பது அந்தச் செடிதான். பக்கத்து வீட்டுக்காரர்கள் குழம்பு தாளிக்கும் நேரத்தில் குரல் கொடுப்பதும் அதைக் கேட்டுத்தான்.